பூட்டிட்டு வா

ஜனவரி 9

தம்பிக்கு,

இந்த விலாசம் எனக்கு எப்படிக் கிடைத்தது என்று மண்டையைக் குடைந்துகொள்ளாதே. உனக்கு அனுப்ப உன் பெண்டாட்டி கம்பளிச் சட்டையைப் பார்சல் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நான் போய் நின்றேன். பதறிப்போய் பார்சல் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எனக்குத் தண்ணீர் கொண்டுவர எழுந்து போனாள், நான் படித்துக்கொண்டேன். அவளைத் திட்டாதே. பொய் சொல்ல வராத பெண்ணைக் கட்டிக்கொண்டு, நாடு விட்டு நாடு போய் ஒளிந்தது உன் தப்பு.

போனில் பேசியிருக்கலாமே என்பாய். நீ போனை எடுப்பாய் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

நலம் விசாரிக்க எழுதவில்லை. தீ விபத்துக் கேஸ் கோர்ட்டுக்கு வந்துவிட்டது. உன் முதலாளியின் வக்கீல் எழுந்து, எரிந்த கட்டடத்துக்கும் தன் கட்சிக்காரருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்றார். கட்டட வாடகை ஒப்பந்தம் உன் பெயரில், கரண்ட் உன் பெயரில், போர்டில் மேனேஜர் என்று இருந்ததும் உன் பெயர். கதவைப் பூட்டியது நீ, சாவியோடு ஓடியது நீ. உன் முதலாளி பாவம், பெரிய ஃபேக்டரியில் தன் பாட்டுக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்த பச்சைக் குழந்தை. ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக் கம்பெனியும் ஒரு காகிதம் அனுப்பியிருக்கிறது. அப்படி ஒரு கட்டடம் இருந்ததே அவர்களுக்குத் தெரியாதாம், ஆழ்ந்த வருத்தமாம். அவனுக்கும் தெரியாது, கம்பெனிக்கும் தெரியாது. அங்கே தைத்த சட்டைகள் தாமாகவே நடந்துபோய்க் கடையில் தொங்கின போலிருக்கிறது.

உன்னை மேனேஜர் ஆக்கியபோது தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாயே, எதற்காக ஆக்கினான் என்று இப்போதாவது புரிகிறதா? நாளைக்கு ஒன்று என்றால் தலையில் கட்ட ஒரு ஆள் வேண்டும். நீ தலையை நீட்டினாய்.

பதினோரு பெண்கள் செத்தார்கள். அதில் ஒருத்தி என் மகள். நடக்கப் பழகும்போது பக்கவாட்டில் நடந்தாள் என்று "நண்டு" என்று நீ பெயர் வைத்த பெண். தைத்த சட்டைகளில் நூல் பிசிர் வெட்டும் வேலைக்கு அவளைச் சேர்த்துவிட்டதே நீதான். "என் கண்ணு முன்னாடியே இருப்பாக்கா, நீ ஏன் கவலைப்படறே" என்றாய்.

நீ வர வேண்டும். கூண்டில் ஏறி, அந்தக் கதவைப் பூட்டச் சொன்னது யார் என்று சொல்ல வேண்டும். அதற்காக உன்னையும் உள்ளே போட்டால் போடட்டும், நான் அழமாட்டேன். அவன் வெளியே இருக்கக் கூடாது.

அக்கா


ஜனவரி 27

அக்காவுக்கு,

கவரின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்தேன். யாரும் பார்ப்பதற்குள் சட்டைக்குள் திணித்துக்கொண்டு, கக்கூஸில் உட்கார்ந்து படித்தேன்.

நான் இருப்பது முதலாளியுடைய மச்சானின் கிடங்கில். கடைகளில் விற்காமல் திரும்பி வந்த புதுத் துணிகளை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள். கழுத்து லேபிளை வெட்டி எடுப்பது என் வேலை. பெயர் போன சட்டை பெயரில்லாத சட்டையாகி, எடைக்கு எடை வேறு ஏதோ நாட்டுக்குப் போகும். பாஸ்போர்ட் மச்சானிடம் இருக்கிறது. போன் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

நான் ஓடவில்லை அக்கா, அனுப்பிவைத்தார்கள். தீப்பிடித்த மறுநாளே முதலாளி வீட்டுக்குக் கூப்பிட்டு, கொஞ்ச நாள் கண்ணில் படாமல் இரு, எல்லாம் அடங்கட்டும், உன் குடும்பம் என் பொறுப்பு என்றார். சொன்னபடி பார்த்துக்கொள்கிறார். வீட்டு வாடகை, பையனின் பள்ளிக்கூடம் எல்லாம் அவர்தான். அவரைப் போய் அவன் இவன் என்று எழுதுகிறாயே, படிக்கவே பயமாக இருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். தோளில் முடிச்சுப் போட்ட மெல்லிய மேல்சட்டை, ஞாபகம் இருக்கிறதா? ஏதோ ஒரு நடிகை போட்டுக்கொண்டாளாம், உலகத்துக்கே அது உடனே வேண்டுமாம். ஒரு மாத வேலையைப் பத்து நாளில் கேட்டார்கள். பெரிய ஃபேக்டரியால் அது முடியாது என்று கேட்டவர்களுக்கும் தெரியும். அதனால்தான் பின்தெருக் கட்டடத்தில் வைத்துத் தைத்தோம். தீப்பிடித்த அன்றைக்குப் பெரிய ஃபேக்டரிக்குக் கம்பெனியிலிருந்து பாதுகாப்புச் சோதனைக்கு ஆட்கள் வரும் நாள். அவர்களுடைய கார் பின்தெருச் சந்து வழியாகத்தான் வந்தாக வேண்டும். நம் பெண்களோ காற்றுக்காக மாடியின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெளிப்படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார்கள். பார்த்துவிட்டால், இது என்ன கட்டடம், இவர்கள் யார் என்று கேள்வி வரும். முதலாளி காரில் ஏறும்போது, "பின்கதவைப் பூட்டிட்டு வா, அவங்க போனதும் திறந்துக்கலாம்" என்றார். பூட்டினேன். சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அவரோடு போனேன்.

முன்பக்கப் படிக்கட்டில் துணி மூட்டைகள் அடுக்கியிருந்தன. தீ அங்கேதான் பிடித்தது. அந்த நேரத்தில் நான் பெரிய ஃபேக்டரியில், வந்தவர்களுக்கு அவசர வழிக் கதவுகளைத் திறந்து மூடிக் காட்டிக்கொண்டிருந்தேன். எந்நேரமும் திறந்தே இருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இவ்வளவுதான் நடந்தது.

இதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், வக்கீலிடம் கொடு. என்னை மட்டும் கூப்பிடாதே. உனக்கு இனி இழக்க எதுவும் இல்லை, அதனால் துணிந்துவிட்டாய். எனக்கு வீட்டில் ஒரு பிள்ளை இருக்கிறான்.

தம்பி


பிப்ரவரி 15

தம்பிக்கு,

உனக்கு ஒரு பிள்ளை இருக்கிறான் என்று எனக்கே எழுத உனக்கு மனம் வந்திருக்கிறது. நல்லா இரு.

"இவ்வளவுதான் நடந்தது" என்றும் எழுதியிருக்கிறாய். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அது இருக்கட்டும், பிறகு வருகிறேன்.

எங்கள் வக்கீல் ஒரு பெண். உன்னை விடச் சின்னவள், கோர்ட்டில் வாயைத் திறந்தால் பட்டாசு. உன் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்து, "கடிதத்தைக் கூண்டுல ஏத்திக் குறுக்கு விசாரணை பண்ண முடியாதும்மா" என்றாள். யாரோ எழுதியது என்று அவர்கள் ஒரே வார்த்தையில் ஊதித் தள்ளிவிடுவார்களாம். ஆள் வர வேண்டும், நிற்க வேண்டும், அவர்கள் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். பூட்டச் சொன்னதை நானே காதால் கேட்டேன் என்று சொல்லிவிடட்டுமா என்று கேட்டுப்பார்த்தேன். கோபம் வந்துவிட்டது அவளுக்கு. ஒரு பொய்யைப் பிடித்துவிட்டால் மீதி உண்மையையும் அதோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள் என்றாள். அந்த வழியும் அடைந்துவிட்டது.

மற்ற வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் பணம் வாங்கிக்கொண்டு சமரசக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். நான் குறை சொல்லமாட்டேன், வீட்டில் சின்னப் பிள்ளைகள். என்னிடமும் உன் முதலாளியின் ஆட்கள் வந்தார்கள். உட்காரக்கூடச் சொல்லவில்லை. ஒரு ஃபேக்டரியிலும் என்னை வேலைக்கு எடுப்பதில்லை. பெயரைச் சொன்னதும் கேட்டில் இருப்பவன் அப்படியே திருப்பி அனுப்புகிறான். கிழிந்த துணி தைத்துக் காலத்தை ஓட்டுகிறேன்.

ஆனால் வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டுக்குப் போய்விடுவேன். உன் முதலாளி எந்தப் பக்கம் திரும்பினாலும் என் மூஞ்சி தெரிகிற மாதிரி இடம் பிடித்து உட்கார்வேன். முதலில் என்னைப் பார்த்ததும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டான். இப்போது திரும்புவதே இல்லை, கழுத்துப் பிடித்துக்கொண்டவன் மாதிரி நேராகவே பார்க்கிறான். போன தடவை மூக்குக்கண்ணாடியைத் துடைக்கும்போது அவன் விரல் நடுங்கியதைப் பார்த்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன். நண்டு போனதற்குப் பிறகு அன்றுதான் சோறு ருசித்தது. என்னைப் பேய் என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் எழுது. கம்பெனி ஆள் யாராவது பின்தெருக் கட்டடத்துக்கு வந்தது உண்டா? ஒருத்தன் வந்திருந்தால் போதும், தெரியாது என்று அவர்கள் சொன்னது பொய்யாகிவிடும், அவர்களையும் அவர்கள் நாட்டுக் கோர்ட்டிலேயே இழுத்து நிறுத்தலாம் என்று வக்கீல் சொல்கிறாள். உன் முதலாளியை மட்டும் பிடித்தால் எனக்குப் பாதி வயிறுதான் ஆறும்.

அக்கா


மார்ச் 6

அக்காவுக்கு,

கேட்டாய், சொல்லிவிடுகிறேன். கம்பெனியில் தரம் பார்க்க வருகிற ஆள் இரண்டு தடவை என்னோடு அந்தக் கட்டடத்துக்கு வந்தார். பின்கதவு வழியாகத்தான் உள்ளே வந்தார், புழுக்கம் தாங்காமல் மூட்டை மேல் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். தோள் முடிச்சு சரியாக விழவில்லை என்று நம் பெண்களுக்குத் தானே செய்து காட்டினார். நண்டு அவர் பேசுவது போலப் பேசிக்காட்டி எல்லோரையும் சிரிக்கவைத்தாள். போதுமா?

போன வாரம் கிடங்கில் ஒரு மூட்டையைப் பிரித்தேன். உள்ளே அதே சட்டை. அதே முடிச்சு. அந்த மோஸ்தர் போய்விட்டதாம், எடைக்குப் போட வந்திருக்கிறது. அதற்கு மேல் என்னால் கத்தரியைப் பிடிக்க முடியவில்லை. மச்சான் கண்டபடி திட்டினார்.

பிறகு அவரே அறைக்குக் கூப்பிட்டு நயமாகப் பேசினார். முதலாளி சொல்லியனுப்பியிருக்கிறார். நான் ஊருக்கு வந்து, எல்லாப் பொறுப்பும் என்னுடையது, அவருக்கு ஒன்றும் தெரியாது என்று கோர்ட்டில் ஒப்புக்கொள்ள வேண்டும். கவனக்குறைவு என்று கொஞ்ச காலம் போடுவார்கள், வெளியே வந்ததும் சொந்தமாக ஒரு கடை வைத்துத் தருகிறார். அதுவரைக்கும் வீட்டை அவர் பார்த்துக்கொள்வார். டிக்கெட்கூட எடுத்துவிட்டார்கள்.

நான் சரி என்று சொல்லிவிட்டேன் அக்கா. யோசித்துப் பார். பூட்டியது நான்தானே? சாவி என்னிடம்தானே இருந்தது? நான் ஜெயிலுக்குப் போகிறேன், உன் ஆத்திரம் தீரட்டும். பெரிய இடத்தோடு மோதி நாம் என்ன செய்ய முடியும்? நீ என்னை இப்போது தம்பியாகவே பார்ப்பதில்லை. அவர் மேல் எறிவதற்குக் கையில் கிடைத்த கல்லாகத்தான் பார்க்கிறாய். எறிந்து முடித்த பிறகு கல் என்ன ஆனால் உனக்கென்ன? ஆளை விடு. பழி பழி என்று இருப்பதை நிறுத்திவிட்டு, நீயும் அந்தச் சமரசக் காகிதத்தில் கையெழுத்துப் போடு.

தம்பி


மார்ச் 20

தம்பிக்கு,

கல் என்று நீயே சொல்லிவிட்டாய், எனக்கு வேலை மிச்சம்.

அவனுக்குப் பதிலாக நீ ஜெயிலுக்குப் போவதா? என் மகளைப் பூட்டிவைக்கச் சொன்னவன் வீட்டில் கால் நீட்டிப் படுத்திருக்க, நீ உள்ளே போய்த் தியாகி ஆவதா? அந்தக் குற்றத்தை அவனுக்கு விற்றுக் கடை வாங்க நீ யார்? கடைக்கு என்ன பெயர் வைக்கப்போகிறாய்?

உன் இரண்டு கடிதங்களிலும் ஒரு விஷயத்துக்காகக் காத்திருந்தேன். நீயாகச் சொல்வாய் என்று பார்த்தேன். நீ சொல்லவில்லை, இப்போது நான் சொல்கிறேன்.

அன்றைக்குப் பெரிய ஃபேக்டரியில் நானும் இருந்தேன். உனக்குத் தெரியும். ஜன்னல் ஓரத்து ஓவர்லாக் மெஷினில் தைத்துக்கொண்டிருந்த என்னைக் கடந்துதான் நீ அவர்களை அழைத்துக்கொண்டு போனாய். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அட்டை. என் தம்பி எவ்வளவு பெரிய ஆளாகிவிட்டான் என்று உன்னைப் பார்த்துச் சிரித்தேன். அப்போது உன் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. எடுத்தாய், பார்த்தாய், உன் முதலாளி முறைத்தான், திரும்ப உள்ளே போட்டாய். மறுபடி அதிர்ந்தது. அந்தத் தடவை எடுத்துப் பார்க்கவே இல்லை, மேலிருந்தபடியே அமுக்கி அணைத்துவிட்டாய். யாரோ கடன்காரன் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

நண்டோடு பிசிர் வெட்டிய பெண் ஒருத்தி, ஜன்னல் வழியாகக் குதித்து இடுப்பை உடைத்துக்கொண்டு பிழைத்துக் கிடக்கிறாள். ஆஸ்பத்திரியில் அவள் எனக்குச் சொன்னாள். புகை வந்ததும் எல்லோரும் பின்கதவுக்கு ஓடியிருக்கிறார்கள், பூட்டியிருக்கிறது. ஜன்னலுக்குப் போகலாம் என்று இவள் கூப்பிட்டிருக்கிறாள். நண்டு போனைக் காதில் வைத்துக்கொண்டு, "மாமாகிட்டதான் சாவி இருக்கு, நான் கூப்பிட்டுட்டேன், வந்துடுவாரு, யாரும் பயப்படாதீங்க" என்றிருக்கிறாள். அவளை நம்பியவர்கள் கதவருகில் நின்றார்கள். நம்பாதவர்கள் குதித்துப் பிழைத்தார்கள்.

பெற்ற என்னைக் கூப்பிடவில்லை. உன்னைக் கூப்பிட்டாள்.

நீ பார்த்தது வேறு யாருக்கும் தெரியாது. அந்தப் பெண்ணுக்கு நண்டு கூப்பிட்டது மட்டும் தெரியும், நீ பெயரைப் பார்த்துவிட்டு அணைத்தது தெரியாது. வக்கீலிடம்கூட நான் சொல்லவில்லை. இனி கேள். நீ வந்து பழியை உன்மேல் போட்டுக்கொண்டு அவனைக் காப்பாற்றினால், நான் அந்தக் கோர்ட்டிலேயே எழுந்து நின்று, உன் பெண்டாட்டியும் உன் பிள்ளையும் கேட்க, இதைச் சொல்வேன். அவன் உன்னை இனி என்ன முகத்தோடு அப்பா என்று கூப்பிடுவான் என்று பார்த்துக்கொள். நீ உண்மையைச் சொல்லி உன் முதலாளியை உள்ளே தள்ளினால், இது என்னோடு சுடுகாட்டுக்கு வரும். என் வாயிலிருந்து ஒரு சொல் வராது.

இரண்டில் எது என்று முடிவு செய்துகொள்.

அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

அவர்கள் எடுத்த டிக்கெட்டிலேயே வருகிறேன். அவர்கள் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் மனப்பாடம் செய்து ஒப்பித்தும் காட்டிவிட்டேன். மச்சானுக்கு ரொம்பத் திருப்தி.

விமான நிலையத்துக்கு வராதே. அவர்களுடைய ஆட்கள் இருப்பார்கள். வக்கீலம்மாவிடம் மட்டும் சொல்லி வை. கூண்டில் ஏறும்வரை நான் அவர்களுடைய ஆள் மாதிரியே இருப்பேன். உன் பக்கம் பார்க்கமாட்டேன், தப்பாக நினைக்காதே.

அன்றைக்குப் போனில் அவள் பெயரைப் பார்த்தபோது, காற்றில்லை கதவைத் திற மாமா என்று கெஞ்சத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

தம்பி


நவம்பர் 11

தம்பிக்கு,

ஜெயிலிலிருந்து நீ எழுதிய கடிதம் வந்தது. ஏற்கெனவே ஒருமுறை பிரித்துப் படித்து ஒட்டியிருக்கிறார்கள். இதையும் படிப்பார்கள், படிக்கட்டும்.

நீ கேட்டதற்கெல்லாம் பதில் எழுதிவிடுகிறேன். மறுபடி மறுபடி கேட்டு எழுதாதே.

கோர்ட்டில் நீ சொன்னது சரியாக இருந்ததா என்று கேட்டிருக்கிறாய். இருந்தது. பின்கதவைப் பூட்டியது யார் என்று நீதிபதி கேட்டதும் "நான்தாங்க" என்றாய். உன் முதலாளியின் வக்கீல், வேலை முடிந்தது என்று பேனாவை மூடினார். அப்புறம், "பூட்டிட்டு வான்னு சொன்னது அவருங்க" என்று கையை நீட்டினாய். ஜெயிலுக்கு அனுப்பும்போதும் அவனுக்கு மரியாதை குறையவில்லை உனக்கு. அந்த வக்கீல் உன்னை நாள் கணக்கில் வறுத்தெடுத்தார், குடிகாரன் என்றார், திருடன் என்றார். நீ மாற்றிப் பேசவில்லை. நீ அசையாமல் நின்றதைப் பார்த்துத்தான் காரோட்டிக்கும் நாக்கு வந்தது. காருக்குள்ளிருந்து தானும் அதைக் கேட்டதாகச் சொன்னான். தீர்ப்பைப் படித்தபோது உன் முதலாளி தண்ணீர் கேட்டான். உடனே யாரும் கொடுக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

போன் விஷயத்தை உன்னிடம் யாரும் கேட்கவில்லை. நான் சொல்லியிருக்கமாட்டேன், வாக்கு வாக்குதான். நீயாகச் சொன்னாய், என்னைப் பார்த்தே சொன்னாய். பின்வரிசையில் உன் பெண்டாட்டி வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே போனாள். இப்போது அவளும் பிள்ளையும் என்னோடுதான் இருக்கிறார்கள், உன் முதலாளி வாடகை கொடுத்த வீட்டை மறுநாளே காலி செய்துவிட்டாள். பிள்ளை உன்னைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. நானும் சொல்வதில்லை.

மன்னித்துவிட்டாயா என்று கேட்டிருக்கிறாய். இல்லை. நீ உண்மையைச் சொன்னதால் என் மனம் இளகியிருக்கும் என்று நினைத்திருக்கிறாய். இளகவில்லை. அவன் உள்ளே இருக்கிறான், நீயும் உள்ளே இருக்கிறாய், எனக்கு அது நன்றாகவே இருக்கிறது. படுத்தால் தூக்கம் வருகிறது. பார்க்க வருவாயா என்றால், வரமாட்டேன். உன் முகத்தைப் பார்த்தால் நீ அந்தப் போனை எடுத்துப் பார்த்த முகம்தான் தெரியும்.

சாப்பாடு இறங்கவில்லை, சர்க்கரை மாத்திரையையும் நிறுத்திவிட்டேன், இப்படியே போய்ச் சேர்ந்தால் போதும் என்று எழுதியிருக்கிறாய். அந்த வேலையெல்லாம் என்னிடம் வைத்துக்கொள்ளாதே. அவன் மேல்கோர்ட்டுக்குப் போயிருக்கிறான், மறுபடி உன்னைக் கேட்டாலும் கேட்பார்கள். கம்பெனி மேல் நாங்கள் போட்ட கேஸை அந்த நாட்டுக் கோர்ட் எடுத்துக்கொண்டுவிட்டது. தரம் பார்க்க வந்தவன் அந்தக் கதவு வழியாக வந்து, மூட்டை மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்ததைச் சொல்ல, அவனை அழைத்து வந்தவன் நீதான் இருக்கிறாய். இரண்டு இடத்திலும் நீ நிற்க வேண்டும், தெளிவாகப் பேச வேண்டும்.

உன் பெண்டாட்டியிடம் மாத்திரை வாங்கிக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். வேளா வேளைக்குப் போடு. போடுவதை எண்ணிப் பார்க்கச் சொல்லி அங்கே இருக்கும் டாக்டருக்கு வக்கீல் எழுதியிருக்கிறாள். கொடுக்கிற சாப்பாட்டைச் சாப்பிடு. இரண்டு கேஸும் முடிந்த பிறகு நீ எப்படிப் போனாலும் எனக்குக் கவலையில்லை. அதுவரைக்கும் நீ சாகக் கூடாது.

அக்கா